பட்டி வைத்த இடம்

கடல் காற்று திரும்புவதற்குள் பெயிண்டு அடித்து முடித்துவிட வேண்டும். பதினோரு மணி ஆனால் போதும், தூத்துக்குடிக் காற்றுக்கு யாரும் மணி பார்த்துச் சொல்ல வேண்டாம், கிழக்கே இருந்து வந்து கொல்லையில் உள்ளதையெல்லாம் ஒரு புரட்டுப் புரட்டும், அப்புறம் தெளிக்கிற கன்னில் இருந்து போகிற பெயிண்டில் பாதி வண்டிக்கு, பாதி பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா கொடியில் போட்டிருக்கிற சேலைக்கு. அதனால்தான் காப்பி கூடக் குடிக்காமல் வண்டியை இழுத்து வந்து செங்கல் அடுக்கித் தூக்கி நிறுத்தினேன். மூணு சக்கர வண்டி. கால் விளங்காதவர்கள் உட்கார்ந்து, நெஞ்சுக்கு நேரே இருக்கிற கைப்பிடியைக் கையால் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்களே, அந்த வண்டி. என் வீட்டுக்காரர் சுயம்புலிங்கம் அஞ்சு வருஷம் ஓட்டின வண்டி, இப்போது நாலு வருஷமாகச் சும்மா கிடக்கிற வண்டி. நேற்றுச் சாயங்காலம் ரோஸ்லின் அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். தம்பி மரியதாசுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள், கலெக்டர் ஆபீசில் புது வண்டி வர மூணு மாசம் ஆகுமாம், அதுவரைக்கும் சர்ச்சுக்குப் போக வர உங்க வண்டியைத் தருவியளா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் உள்ளே கட்டிலில் இருந்தபடியே, "எடுத்துக்கோ ரோஸ்லின், மூணு மாசம் என்ன, அவனே வச்சிக்கிடட்டும், புஷ்பம் துருவை எடுத்து ஒரு கோட்டு அடிச்சித் தருவா" என்றார். அவனே வச்சிக்கிடட்டும். சோற்றைக் குறைத்துப் போடு என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, சந்தோஷம்தான் வந்தது, வயிற்றில் இருந்து ஒரு கல்லை எடுத்துக் கீழே வைத்தது போல. இன்றைக்கு நாலு மணிக்கு ஆட்டோ வருகிறது. வண்டி போய்விடும். இனிமேல் பாத்திரம் விளக்க வரும்போது அதைப் பார்க்காமல் இருப்பதற்காக முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டாம்.

துரு எடுக்கிற வேலை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பீரோப் பட்டறையில் பதினெட்டு வருஷம் உப்புத்தாள் தேய்த்த கை இது. அவர் கன்னு பிடிப்பார், நான் தேய்ப்பேன், தகட்டைத் தேய்த்து, தின்னர் துணியால் துடைத்து, குழி இருந்தால் பட்டி வைத்து, மறுபடி தேய்த்து, அடிக்கோட்டுக்கு ரெட் ஆக்சைடு அடிக்கக் கொடுப்பேன். மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு தகட்டைத் தடவினால் எத்தனை நம்பர் தாள் போட வேண்டும் என்று சொல்லிவிடுவேன். கன்னை மட்டும் கையில் தரமாட்டார். "ஒனக்கு யோசனை சாஸ்தி, ஏட்டி. யோசிச்சா கை நிக்கும். கை நின்னா ஒழுகும்" என்பார். அது நிஜம்தான். கன்னு போய்க்கொண்டே இருக்க வேண்டும், ஒரே சீராக, ஒரு இடத்தில் ஒரு மூச்சு நின்றாலும் பெயிண்டு சேர்ந்து கண்ணீர் மாதிரி வடிந்துவிடும். அவர் அடித்த பீரோவில் முகம் பார்க்கலாம். பட்டறைக் கூரையில் ஏறினபோது சிமெண்டுத் தகடு உடைந்து அவர் கீழே விழுந்த அன்றைக்குக்கூட ஒரு பீரோ பாதி அடித்தபடி நின்றது, அதை வேறு யாரோ முடித்தார்கள், அதில் ஒரு கோடு தெரிந்தது, அந்தக் கோட்டை நான் மட்டும் பார்த்தேன். இன்றைக்கு என் கையில் இருக்கிறது பட்டறைக் கன்னு இல்லை, மருமகன் கிரில் கேட்டுக்கு அடிக்க வாங்கி இங்கே போட்டுவிட்டுப் போன கரண்டுக் கன்னு, அடியில் டப்பா மாட்டினது, போட்டால் கொசுவும் மாவு மெஷினும் கலந்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம். கொல்லை ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் அவர் கட்டில். இடுப்புக்குக் கீழே உயிர் இல்லாமல் போனதில் இருந்து அவருக்கு உலகம் எல்லாம் காது வழியாகத்தான் வருகிறது. பால்காரன் சைக்கிள் செயின் சக்கரத்தில் எந்தப் பல்லு தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவார். நான் முறத்தை வைக்கிற சத்தத்தில் எனக்குக் கோபமா இல்லையா என்று சொல்லுவார். அந்தக் காதுக்குப் பக்கத்தில் நாலு வருஷமாக நான் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தேய்த்தேன். மேலே இருந்த நீலம் பொரிந்து பொரிந்து கையோடு வந்தது, அதற்குக் கீழே துரு, காப்பித்தூள் மாதிரி, காய்ந்த ரத்தம் மாதிரி, மூக்குக்குள் போய் நாக்கில் கசந்தது. சக்கரம் பரவாயில்லை, கைப்பிடி பரவாயில்லை, செயின் எண்ணெய் விட்டால் இளகிவிடும். சீட்டுக்கு அடியில் ரெண்டு குழாய் வந்து சேருகிற முக்கில் உப்புத்தாளை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. விரல். இரும்புக்குள்ளே. விளிம்பு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கீழே விழுந்தது. உள்ளே நாலு வருஷத்து மழைத் தண்ணீர் நின்று தின்ற இடம், கறுப்பாக, சொத்தைப் பல்லு மாதிரி. நான் விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஓட்டை என்று சொல்லலாம், இதோ ஜன்னல், ரெண்டு எட்டு, இந்தாங்க, அடியில ஓட்டை விழுந்துட்டு என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவர் கேட்பார். தார்ப்பாய் போட்டு மூடின வண்டிக்கு அடிக்குழாய் எப்படி நொறுங்கும் என்று கேட்பார். இரும்பை அவ்வளவு தெரிந்த மனுஷன் கேட்காமல் இருப்பாரா. அதனால் என் கை, நான் சொல்லாமலே, பட்டி டப்பாவைத் திறந்தது. பட்டறையில் நாங்கள் எல்லாரும் செய்ததுதான், பின்பக்கத் தகட்டில் துரு தின்ற ஓட்டை இருந்தால் கொஞ்சம் வலைத்துணியை வைத்து, பட்டியைக் குழைத்து அடைத்து, தேய்த்துவிட்டால், மேலே பெயிண்டு விழுந்ததும் பெற்ற தாய்க்கும் தெரியாது. பீரோவின் பின்பக்கத்தில் யாரும் உட்காரப் போவதில்லை. பட்டியைத் தகரத்தில் போட்டு, இறுக வைக்கிற மருந்தைக் கலந்து, தகட்டுக் கத்தியால் குழைத்தேன், சர்ரு சர்ரு என்று. உள்ளே அவர் இருமல் நின்றது. "ஏட்டி, பட்டியா வைக்க?" என்றார். என் கை நின்றது. "சும்மா, கைப்பிடியில ஒரு சின்னக் குழிங்க" என்றேன். "ம்" என்றார். அப்புறம், "கைப்பிடியிலயா" என்றார். கேள்வி மாதிரி இல்லை. நான் பட்டியை ஓட்டையில் அடைத்து, அது இறுகினதும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன், என் காதுக்கே அந்தத் தேய்ப்பு பொய்யாகக் கேட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால், அந்தக் கல்யாணத்துக்கு நான் போகாமல் இருந்திருக்க வேண்டும். இல்லை, போனது தப்பில்லை, என் கூடப்பிறந்த அண்ணன் மகன் கல்யாணம், அத்தைக்காரி போகாமல் எப்படி. மண்டபத்துக்குப் பதினாறு படி. வண்டி ஏறாது. ஆள் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லுதேன் என்றேன், "நல்ல நாள்ல என்னை மூட்டை மாதிரி தூக்கிட்டு அலையாதிய, நான் கீழயே இருக்கேன், சாப்பாடு முடிஞ்சதும் ஒரு வாழை இலையை இங்க அனுப்பு" என்று சிரித்தார். புதுச் சட்டை, இஸ்திரி போட்ட வேட்டி, நெற்றியில் திருநீறு. செருப்பு கழற்றி விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தினோம். அங்கே நிறுத்தச் சொன்னதும் நான்தான். வெயில் படாது என்று. செருப்புகளுக்குப் பக்கத்தில். நான் மேலே போய் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அவருக்குத் தண்ணீர் கொடுப்போமே என்று படிக்கு வந்தேன். கார் ஒன்று வந்து நின்றது. பட்டுச்சேலை கட்டின ஒரு அம்மா இறங்கினாள், பையைத் திறந்தாள், ஒரு பத்து ரூபாயை எடுத்து, நடக்கிற வாக்கிலேயே அவர் மடியில் போட்டாள். அவர் அதைப் பார்த்தார். அப்புறம் அந்த அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லா இருங்கம்மா, புள்ளைகுட்டியோட நல்லா இருங்க" என்றார். என் கையில் தண்ணீர் டம்ளர். எனக்குப் பின்னால், கீழே தெரியாத இடத்தில், மதினி வந்து நின்றாள், அண்ணன் பெண்சாதி, அன்றைக்குச் சம்பந்தக்காரியாக ஜொலிக்கிறாள், "யாரு புஷ்பம் கீழ? ஒங்க அவிய வரலையா?" என்றாள். வரலை மதினி, மேலுக்குச் சரியில்லை. அது என் வாயில் இருந்துதான் வந்தது. அவர் பதினாறு படிக்குக் கீழே உட்கார்ந்திருக்க, என் பார்வைக்கு நேரே உட்கார்ந்திருக்க, நான் சொன்னேன், வரலை என்று. சொல்லிவிட்டு அந்தத் தண்ணீரை நானே குடித்தேன். அந்த நாதஸ்வரச் சத்தத்தில் அவர் காதுக்கு எட்டியிருக்காது. பதினாறு படி. நாதஸ்வரம். ஆனால் பால்காரன் சைக்கிள் பல்லு கேட்கிற காது. திரும்பி வரும் வழியில் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே அதை வேடிக்கையாகச் சொன்னார், ஒரு இடத்தில் நிறுத்தி அந்தப் பத்து ரூபாய்க்கு வறுத்த கடலை வாங்கினார், "உழைச்சுச் சம்பாதிச்சதுட்டி, தின்னு" என்று பொட்டலத்தை நீட்டினார். பசிக்கலை என்றேன். பொட்டலம் சூடாக என் கையில் இருந்தது, உப்பளத்து ரோட்டில் அவர் முன்னாலே போனதும் அதை அப்படியே சாக்கடையில் விட்டேன். அந்த அம்மா மேலே எனக்குக் கோபம் இல்லை. அவர் கும்பிட்டாரே, அதன் மேலேதான் கோபம். அவர் வெட்கப்படவில்லையே, அப்போ நான் ஏன் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பட வேண்டும் என்று கோபம்.

இனிமேல் அவர் வெளியே போகக் கூடாது என்று நான் நினைக்கவே இல்லை. அப்படி ஒரு வரியாக நினைத்திருந்தால் பயந்து விட்டிருப்பேன். நினைக்காமல் செய்தேன். ஐப்பசி பிறந்து முதல் மேகம் கறுத்த அன்றைக்கு, கொல்லையில் வண்டிக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தேன், மடித்தேன், கோழிக்கூண்டுக்கு மேலே வைத்தேன். கூண்டு ஒழுகுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூண்டில் அப்போது கோழியே இல்லை. மழை முடிந்து தையில் அவர் வண்டியைக் கேட்டபோது, செயின் இறுகிட்டுங்க, பிரேக்கு ஒட்டிக்கிட்டு, ஒரே துரு, இனிமே ஓடாது என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். "சரி, விடு" என்றார். அவ்வளவுதான். சரி, விடு. செயினுக்கு மண்ணெண்ணெய் விடு என்று சொல்லவில்லை, பட்டறையில் இருந்து ஆளைக் கூப்பிடு என்று சொல்லவில்லை, ஒரு பூட்டுத் துருப்பிடித்தாலே ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஓடவைக்கிற மனுஷன், சரி விடு என்றார். அந்த ரெண்டு வார்த்தையை நான் இந்த நாலு வருஷத்தில் எத்தனை தரம் எடுத்து எடுத்துப் பார்த்திருப்பேன், அரிசியில் கல்லு பார்க்கிற மாதிரி, ஒன்றும் அகப்படவில்லை. டீக்கடைக்காரர் ரெண்டு தரம் கேட்டார், அண்ணாச்சியைக் காணவே இல்லையே என்று. மேலுக்குச் சரியில்லை என்றேன். அதே வார்த்தை. ஒரு தரம் சொல்லிப் பழகிவிட்டால் நாக்கு அதைத்தான் எடுக்கிறது.

பட்டிக்கும் சேர்த்துப் பிரஷ்ஷால் தடவின ரெட் ஆக்சைடு காய்ந்துவிட்டது. பச்சைப் பெயிண்டைத் தின்னர் விட்டுக் கலக்கி, பழைய சேலைத் துணியில் வடிகட்டி, டப்பாவை மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டேன், சத்தத்தில் ரோஸ்லின் அக்கா வீட்டு நாய் ஓடியது. முதல் சக்கரத்தில் பெயிண்டு நன்றாக விழுந்தது. புகை மாதிரிப் பச்சை போய்ச் சிவப்பின் மேல் உட்கார்ந்தது, ஐயோ என்ன அழகு, ஒரு வீச்சில் போய்விட்டதே எல்லாம், எனக்குச் சிரிப்புக்கூட வந்தது, இதற்குத்தானா பதினெட்டு வருஷம் கன்னைத் தரமாட்டேன் என்றார். உள்ளே இருந்து குரல் வந்தது, "கிட்டப் போறே. ஒரு சாண் தள்ளிப் பிடி." தள்ளிப் பிடித்தேன். "இப்ப சரி. போய்ட்டே இரு." கன்னின் சத்தத்தை வைத்தே சொல்கிறார். கைப்பிடி முடிந்தது, முதுகு சாய்கிற கம்பி முடிந்தது, காலை வைக்கிற பலகை முடிந்தது. அப்புறம் சீட்டுக்கு அடியில் வந்தேன். பட்டி வைத்த இடம். வழவழவென்று இருந்தது, மற்ற எல்லா இடத்தையும் விட நன்றாக இருந்தது, என் கை வேலை அல்லவா. மரியதாஸ் நல்ல கனமான ஆள். சர்ச்சு வாசலில் ஒரு பெரிய இறக்கம் உண்டு, மழைத் தண்ணீர் ஓட வெட்டிவிட்டது, அதில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். ஒரு கால்தான் அவனுக்கு. பிடித்துக்கொள்ள என்ன இருக்கும், கைப்பிடி கையோடு சுற்றும், சீட்டு அடியில் நொறுங்கும், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் முகம் தரையில், பச்சைப் பெயிண்டு ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று. அப்போது யார் சொல்லப்போகிறார்கள் பட்டி என்று. எனக்குத் தெரியும். அப்புறம் நான் வெட்கத்துக்குப் பயந்து ஒரு ஆளைக் கொன்றவளாக இந்தக் கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பேன். "ஏட்டி, கை நிக்குது" என்றார் உள்ளே. பார்த்தேன். பச்சை சேர்ந்து, கனத்து, பட்டிக்கு மேலே இருந்து ஒரு கோடு, பக்கத்தில் இன்னொரு கோடு, வடிந்து மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. "எந்த இடம் அது?" என்றார். நான் ஸ்விட்சை அமர்த்தினேன். அத்தனை சத்தத்துக்குப் பிறகு கொல்லை அமைதியானது பெரிய சத்தமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ரோஸ்லின் அக்கா, "புஷ்பம், முடிஞ்சிட்டா? தம்பி ஆட்டோக்காரன்ட்ட சொல்லிட்டான், இப்பமே தலை சீவிட்டு உக்காந்துருக்கான், சின்னப் புள்ளை கணக்கா" என்றாள்.

திருப்புளியை எடுத்தேன். ஈரப் பெயிண்டோடு சேர்த்துப் பட்டியைக் குத்தினேன், நாலு குத்தில் பெயர்ந்து வலைத்துணியோடு கையில் வந்தது. முழங்கை வரை பச்சை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அடிக்குழாய்ல ஓட்டைங்க. விரல் போகுது. கைப்பிடின்னு சொன்னது பொய்." அவர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். "தார்ப்பாயை எடுத்தது நான்தான். காத்து பிச்சிட்டுப் போகல, ஒண்ணும் இல்ல. நான்தான் அவுத்தேன். மழையில கிடக்கட்டும்னு." சொல்லி முடித்ததும் முகம் தின்னர் பட்ட மாதிரி எரிந்தது. அவர் தலையை மட்டும் திருப்பினார். கோபம் இருக்கும் என்று தேடினேன், இருந்தால் நன்றாக இருக்கும். "தெரியும்ட்டி" என்றார். "தார்ப்பாய் மேல மழை விழுந்தா ஒரு சத்தம், இரும்பு மேல விழுந்தா ஒரு சத்தம். அந்த ஐப்பசி பூரா இரும்பு மேலதான் விழுந்திச்சு." ஒரு மாதம், இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பக்கத்தில் நான் இருக்க, ஒவ்வொரு மழையையும் அவர் கேட்டிருக்கிறார், கயிற்றை அவிழ்த்தவள் எழுந்து போய்க் கட்டுவாளா என்று காது கொடுத்துக் கிடந்திருக்கிறார். "ஏன் கேக்கல? ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம்லா" என்றேன். "ஒனக்கு அந்த வண்டி பிடிக்கலை. சரி, வீட்டோட இருப்போம்னு இருந்துட்டேன்" என்றார், பிடிக்காத குழம்பைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அதை நான் தாங்கிக்கொள்ள ஒரு இடம் தேடினேன், கம்பிதான் அகப்பட்டது, கம்பி முழுக்கப் பச்சையானது. "ஏ புஷ்பம், பதிலையே காணும்" என்றாள் ரோஸ்லின் அக்கா சுவருக்கு அந்தப் பக்கம். நான் திரும்பினேன். "வண்டி ஓட்டைக்கா. நான்தான் மழையில போட்டுக் கெடுத்துட்டேன். வெல்டு வைக்காம தம்பியை அதுல உக்கார வைக்காதிய" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று சத்தமாகச் சொல்லவில்லை, குரல் அப்படி வந்துவிட்டது. "யம்மா, நீயா போட்டே?" என்றாள் அவள். அதற்கு மேல் அவள் வாய் எடுப்பதற்குள் உள்ளே இருந்து அவர் குரல், கூரைக்கும் தெருவுக்கும் கேட்கிற மாதிரி, பட்டறையில் கம்பிரஸர் சத்தத்துக்கு மேலே பேசுவாரே, அந்தக் குரல், நாலு வருஷமாகக் கேட்காத குரல்: "ரோஸ்லின், நாளைக்கு வெல்டு வச்சிருவோம். ஆனா முதல்ல நான் ஒரு சுத்துப் போய்ட்டு வந்துதான் தருவேன். எனக்குத் தாங்கினா ஒன் தம்பிக்குத் தாங்கும்." காற்று திரும்பிவிட்டது. கொடியில் சேலைகள் ஒரு பக்கமாகப் புடைத்தன. நான் ஜன்னலில் முகத்தை வைத்து, "எங்க போவிய?" என்று கேட்டேன். "கல்யாண மண்டபத்துக்குத்தான்" என்றார். "படிக்குக் கீழ, அதே வேப்பமரம். எந்தப் புண்ணியவதியாவது பத்து ரூவா போட்டா கடலை வாங்கியாறேன். இந்தத் தடவையாவது கீழ போடாமத் தின்னு."

கடலையைக் கீழே போட்டது தெரியும் அவருக்கு. அப்படியானால் படிக்கு மேலே நின்று, வரலை என்று நான் சொன்னது? கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அந்த ஒழுகினது காயுறதுக்குள்ள துடைட்டி" என்றார். துணியைத் தின்னரில் நனைத்துக்கொண்டு வந்து, வண்டிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்தேன்.